விளார்த் தண்ணீர்

1

என் தங்கை சாராள் ஆம்பூரிலிருந்து கடிதம் எழுதியிருக்கிறாள். சுகசெய்தி ஒரு வரி. மீதி முழுவதும் வசவு.

“ஏன்க்கா, நீ சொன்னன்னு பட்டத்தண்ணி ஊத்தினேன். வச்ச ரோஜாக் குச்சி அத்தினியும் கருகிப் போச்சு. மல்லி ஒண்ணு கூட மிஞ்சல. கப்பலேறிப் போயி இதத்தான் கத்துக்கினியா? தெருவுல பல்லக் காட்டிச் சிரிக்கிறாளுங்க.”

படித்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. நடந்தது என்ன என்று உடனே விளங்கிவிட்டது.

நான் அவளுக்கு எழுதியது இதுதான்: தென்னாப்பிரிக்காவில் இந்த நேட்டால் தேசத்தில் ஒரு மரம் இருக்கிறது, அதன் பட்டையை ஊறவைத்த தண்ணீரில் பூச்செடிக் குச்சிகளை நிறுத்தி நட்டால் சீக்கிரம் வேர் விடும். வேறு எந்த ஊராருக்கு எழுதியிருந்தாலும் தவறு நேர்ந்திருக்காது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பட்டைத் தண்ணீர் என்றால் ஒன்றே ஒன்றுதான்: தோல் ஷாப்புக் குழியில் ஆட்டுத்தோலை ஊறப்போடும் தண்ணீர். முன்பெல்லாம் ஆவாரம்பட்டை. இப்போது சில வருஷமாக இந்த நேட்டாலிலிருந்தே வாட்டில் மரத்துப் பட்டை மூட்டை மூட்டையாகக் கப்பலில் போகிறது. சாராளின் வீட்டுக்காரர் தோல் ஷாப்பில் வேலை செய்கிறார். நேட்டால் மரம், பட்டை, தண்ணீர் என்று மூன்று வார்த்தையைப் பார்த்ததும் ஒரு குடம் குழித் தண்ணீரை மொண்டுகொண்டு வந்திருப்பார். பச்சைத் தோலைச் செருப்புத் தோலாக்குகிற தண்ணீர் ரோஜாக் குச்சியை மட்டும் விட்டுவைக்குமா?

சாராள் எதையும் தனக்குள் வைத்துக்கொள்கிறவள் அல்ல. அவள் சொல்லக் கேட்டு இன்னும் எத்தனை வீடுகளில் செடி கருகிற்றோ! அதனால்தான் அவளுக்கு மட்டும் பதில் எழுதாமல், நம் பக்கத்தார் எல்லாரும் வாசிக்கிற இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

அந்தக் கடிதம் வந்த அன்றுதான் என் மகள் ரூத்தும் கையில் ஒரு துணி மூட்டையோடு வந்து வாசலில் நின்றாள். ஒன்றை விட்டு மற்றதைச் சொல்ல முடியவில்லை. ஆகவே இரண்டையும் சொல்கிறேன்.

2

முதலில் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மட்டும் வந்தவர்கள் வாசித்துவிட்டுப் போகலாம்.

நான் இருப்பது மாரிட்ஸ்பர்க் ஊரை விட்டுச் சற்று வெளியே, ஓடைக்கரையில் ஒரு குத்தகை நிலத்தில். ரோஜா, திராட்சை, மல்லிகை என்று பதியன் போட்டு, வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டங்களுக்குச் சந்தையில் விற்கிறேன். எனக்குக் கூவி விற்க வாய் வராது. செடிகளை அடுக்கிவிட்டுப் பின்னால் நிற்பேன். வேண்டியவர்கள் கையைக் காட்டுவார்கள். ரூத் சிறுமியாக இருந்தபோது அவள்தான் முன்னால் நின்று ஆங்கிலத்தில் கூவுவாள்.

ஓடைக்கரை மரத்துக்கு இங்கே வில்லோ என்று பெயர். தலையை விரித்துப் போட்டுக் குனிந்தவள் மாதிரி கிளைகள் தண்ணீர் வரைக்கும் தொங்கும். குச்சி வளையும், ஒடியாது. நம் பக்கத்தில் ஒடுகத்தூருக்கு மேலே மலையோர ஓடைகளில் நிற்கிற ஆற்றுப்பாலை இதற்குப் பங்காளி என்று நினைக்கிறேன். ஆற்றுப்பாலைக் கொம்பை வேலிக்கு நட்டால் அது தானே தழைத்துக்கொள்வதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் அதைக்கொண்டு யாரும் இதைச் செய்து நான் கண்டதில்லை. செய்து பார்க்கலாம்.

இந்த வருஷம் துளிர்த்த பச்சைக் குச்சிகளாக எடுக்க வேண்டும். பென்சில் கனத்துக்கு மேல் வேண்டாம். இலையை உருவிப் போட்டு, விரல் நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். விரல் நீளத்துக்கு மேல் விடவேண்டாம். கல்லில் வைத்து லேசாகத் தட்டிச் சட்டியிலோ வாளியிலோ போட்டு, மூழ்கும்படி தண்ணீர் விட வேண்டும். மழைத்தண்ணீர் விசேஷம். ஓரிரண்டு நாள் ஊறினால் போதும். வடித்தால் தண்ணீர் வெளிறின மஞ்சளாக இருக்கும். தேயிலைச் சாயம் போல இருந்தால் அது வேறு தண்ணீர், கொட்டிவிடவும். நடப்போகிற குச்சிகளின் அடிப்பாகத்தை ஒரு ராத்திரி அதில் நிறுத்தி மறுநாள் நடவேண்டும். மிச்சத்தை நட்ட இடத்தில் ஊற்றலாம். வைத்திருந்தால் நாறிப்போகும், வேண்டும்போது புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுதான் வேலை. இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இங்கே துரைசானிகள் கேட்பார்கள். சிரித்துவிட்டுச் சில்லறையைக் கொடுத்து அனுப்புவேன்.

3

என் அப்பா ஆம்பூரில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை செய்தார். உச்சி வேளையில் அவருக்குக் கஞ்சி கொண்டுபோவது என் வேலை. வாசலிலேயே நின்று தூக்குச் சட்டியை நீட்டிவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

அங்கே மேஸ்திரியின் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பானை இருக்கும். பட்டைத் தண்ணீரில் புளியம் விளார்கள் ஊறிக்கொண்டிருக்கும். காய்ந்த விளார் ரெண்டு அடியில் ஒடிந்துவிடும். ஊறினது ஒடியாது, விழுந்த இடத்தில் ஒட்டி, தோலைப் பிடுங்கிக்கொண்டுதான் வரும்.

ஒரு நாள் தோல் சீவுகிற வாலிபன் ஒருவன் கத்தியை அழுத்தி ஒரு தோலைக் கிழித்துவிட்டான். மேஸ்திரி அந்தத் தோலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாக அவனைப் பார்த்தார்.

“இன்னாடா, ஜன்னலு வச்சிருக்கற? உன் தோல உரிச்சி இந்த எடத்துல தைக்கட்டா?”

சட்டையைக் கழற்றச் சொன்னார். எடுத்த விளார் தண்ணீர் சொட்டச் சொட்ட இறங்கியது. முதல் அடியில் கோடு வெள்ளையாக எழும்பி, பிறகு சிவந்து, பிறகு உடைந்தது. மற்ற ஆட்கள் தலை நிமிராமல் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா மட்டும் கையை நிறுத்தினார்.

“இன்னா பெர்சு, உனுக்கும் வேணுமா?” என்றார் மேஸ்திரி.

அப்பா குனிந்துகொண்டார். அடிபட்டவன் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எதிரே பார்த்தான். எதிரே நின்றவள் நான்.

சில மாதங்களுக்குப் பிறகு அவன் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு அடிபட்டவன் இன்னொருவர் மேல் கையை வைக்கமாட்டான் என்று நினைத்தேன். இந்த வார்த்தையை நம் பெண்பிள்ளைகள் ஒரு முறைக்கு இரண்டு முறை வாசிக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து, கூலிக்குக் கையெழுத்துப் போட்டு என் வீட்டுக்காரரும் நானும் கப்பலேறினோம். ஜெர்மன் யுத்தத்துக்கு முந்தின காலம். வாட்டில் மரக்காட்டில் பட்டை உரிக்கிற வேலை. அங்கேயும் வெள்ளைக்கார ஓவர்சியரிடம் அவருக்கு அடி விழுந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் அதே காட்டில் அவரை ஆட்களை மேய்க்கிற சர்தாராகப் போட்டார்கள். சர்தார் ஆன அன்று அவர் முதலில் செய்தது, ஓர் இரும்பு வாளியில் தண்ணீர் நிரப்பினதுதான். இங்கே புளியமரம் இல்லை. ஓடைக்கரையில் வில்லோ இருந்தது.

பாதி விளார் அவரோடு காட்டுக்குப் போகும். பாதி இதே வீட்டின் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் இருக்கும். குழம்பில் உப்பு கம்மி என்றால் வாளி. ஜாஸ்தி என்றாலும் வாளி. எடுத்துவருவது நான்தான்.

“போய் எடுத்துக்கினு வா. நல்லதாப் பாத்து எடு.”

மெல்லியதாக எடுத்துவந்தால், “இன்னாடி, எனுக்கு வெளையாட்டு காட்றியா?” என்று இரண்டாவது ஒன்றையும் எடுத்துவரச் சொல்வார். முதலாவதில் விழுந்த அடி இரண்டாவதன் கணக்கில் சேராது.

வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதும் என் வேலை. விளாரை ஒன்றும் செய்ய முடியாது. அது ஊறின தண்ணீரையாவது தூக்கி அடிக்கலாமே என்று, சுவரோரம் ஒரே இடத்தில் வீசி ஊற்றுவேன். கோழி வராமலிருக்க, யாரோ துரை வீட்டில் வெட்டி எறிந்த ரோஜா முட்கொம்புகளை அங்கே ஊன்றியிருந்தேன். செடி வளர்க்கும் ஆசையெல்லாம் அப்போது கிடையாது. அந்த மூலையில் இருந்த கொம்புகள் துளிர்த்தன. தண்ணீர் விழாத மறுகோடியில் இருந்தவை காய்ந்து விறகாயின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் சேமியா மாதிரி வெள்ளை வேர் கொத்தாகத் தொங்கியது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் அடி முதுகில் எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கின இடத்திலேயே அதை மறுபடி நட்டு, அன்று முதல் அந்தத் தண்ணீரை வீசாமல் பக்குவமாக ஊற்றத் தொடங்கினேன்.

4

ஒரு தடவை அடி காதில் விழுந்து தோடு காதோடு கிழிந்தது. ரூத் அப்போது கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அடித்த விளாரையும் எடுத்துக்கொண்டு போலீஸ் கச்சேரிக்கு நடந்தே போனேன். என் ஜென்மத்தில் அவ்வளவு தைரியம் எனக்கு வந்ததில்லை.

மேசைக்குப் பின்னால் வெள்ளைக்காரக் கான்ஸ்டபிள். பக்கத்தில் தமிழ் பேசும் துபாஷி ஒருவர். கான்ஸ்டபிள் விளாரை வாங்கி வளைத்துப் பார்த்தான். காற்றில் ஒரு வீசு வீசினான். ‘ஸ்’ என்றது. சிரித்துவிட்டான்.

“இதுலயான்னு கேக்கறாரு தொர,” என்றார் துபாஷி. “இதால அவரு அம்மா அவர அடிச்சதே ஜாஸ்தியாம். வூட்டுக்குப் போம்மா.”

முதுகைக் காட்டியிருந்தால் சிரித்திருக்கமாட்டான். ஆனால் இரண்டு ஆண்பிள்ளைகள் முன்னால் எப்படிக் காட்டுவது? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பினேன். நான் போய்வந்தது அவருக்குத் தெரியவந்த பிறகு நடந்ததை எழுதவில்லை.

5

ஆங்கிலத்தில் வில்லோ என்றால் மரம். விடோ என்றால் விதவை. நடுவில் ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்தில் என் வாய் வழுக்கியது.

சந்தையில் கடை போட அனுமதி வாங்கப் போயிருந்தேன். செடிகளோடு இந்தத் தண்ணீரையும் சீசாவில் விற்கலாம் என்று, சட்டியில் தனியாக ஊறவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதிகாரி சீசாவைக் காட்டி என்ன என்று கேட்டார். வழியெல்லாம் ‘வில்லோ வாட்டர்’ என்று சொல்லிப் பழகிக்கொண்டுதான் போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பயத்தில் “விடோ வாட்டர்” என்றேன்.

அவர் குரலைத் தணித்துக்கொண்டு, “யூ விடோ?” என்றார்.

வெள்ளைக்காரர் எது கேட்டாலும் நான் சொல்வது ஒரே பதில்தான். “எஸ் சார்” என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு அனுமதிச் சீட்டில் ஏதோ எழுதிக் கொடுத்தார்.

ரூத் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். சீட்டை வாசித்துவிட்டுத் தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள். “யம்மா, நீ அப்பாவக் கொன்னுட்டம்மா!” நானும் சிரித்தேன். அவர் வெட்டு வேலைக்காகத் தூரத்துக் காட்டில் தங்கியிருந்த காலம். வீட்டில் சிரிக்க முடிந்த காலம்.

அவர் திரும்பிவந்த மறுநாள். முற்றத்தில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். அந்த அதிகாரியின் மனைவியும் இன்னொரு துரைசானியும் வண்டியில் வந்து இறங்கினார்கள். கையில் ஒரு கறுப்புச் சால்வை, ஒரு தேயிலைப் பொட்டலம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள். அதிகாரியின் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். பிறகு அவரைப் பார்த்து, இவர் யார் என்று ரூத்தைக் கேட்டாள்.

“மை ஃபாதர்,” என்றாள் ரூத்.

காட்டில் ஓவர்சியர்களோடு பழகி அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். சோற்றுக்கையோடு எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டார்: “ஹூ டெட், மேடம்?”

அந்த அம்மாள் சால்வையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சால்வையை மடித்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டாள்.

அவர் மீதிச் சோற்றையும் தின்று முடித்தார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டார்.

“உசுரோட இருக்கறப்பவே எனுக்குக் கருமாதி பண்ணிட்ட இல்ல? எடுத்துக்கினு வா.”

அவர் ஊரில் இல்லாத நாட்களில் நான் வாளியைத் தொடவே இல்லை. விளார்கள் எல்லாம் வேர் விட்டிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் எல்லாம் சேர்ந்து, சிக்குப் பிடித்த தலைமயிர் போல ஒரே கொத்தாக வந்தன. அவர் ஒன்றைப் பிய்த்தெடுத்தார். முழங்கை நீளத்துக்கு அதில் வேர் தொங்கிற்று. ஒரு நொடி கையில் பிடித்துப் பார்த்தார். விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

வேரோடு சேர்த்து அடித்தார். விளார் விழுந்த இடத்தில் எரிந்தது. வேர் விழுந்த இடத்தில் ஈர விரல்கள் மாதிரி வந்து அப்பிற்று. எனக்கு எரிச்சலைவிட அது அப்பினதுதான் சகிக்கவில்லை. நான் அலறினேன். ரூத் ஓடிவந்து அவர் கையைக் கடித்தாள். அவளைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். புருவம் பிளந்து முகமெல்லாம் ரத்தம். அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார். வாளியில் இருந்ததையெல்லாம் அள்ளி ஓடைச் சேற்றில் விட்டெறிந்துவிட்டுக் கள்ளு குடிக்கப் போனார்.

மறுநாள் அவற்றைப் பொறுக்கிக் கரையோரம் வரிசையாக ஊன்றினேன். வேர் விட்டதை எறிய மனம் வரவில்லை. அதற்குப் பின்னும் என்னை அடித்து ஓய்ந்து அவர் எறிந்த விளார்களை எடுத்து ஊன்றிக்கொண்டே வந்தேன். வேறு காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது.

அடுத்த மழைக்காலத்தில் வாட்டில் மரம் ஒன்று வெட்டும்போது தப்பிச் சாய்ந்து அவர் மேல் விழுந்தது. கட்டை வண்டியில் உடலைக் கொண்டுவந்தார்கள். நான் அழுதேன், பொய்யாக அழவில்லை. அதிகாரியின் மனைவி அதே கறுப்புச் சால்வையை மறுபடி கொண்டுவந்து போர்த்திவிட்டாள். அனுமதிச் சீட்டைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

6

ரூத்துக்குப் பூட்ஸ் பாக்டரியில் வேலை செய்யும் தானியேலைக் கட்டிக்கொடுத்தேன். இங்கேயே பிறந்த பிள்ளை. கழுத்தில் டை, சீவின தலை. என்னைப் பார்த்தால் “அத்த” என்று எழுந்து நிற்பார்.

சாராளின் கடிதம் வந்த அன்று, கொளுத்துகிற வெயிலில் ரூத் மணிக்கட்டு வரை மூடின ரவிக்கையோடு வந்து நின்றாள். படியில் விழுந்துவிட்டேன் என்றாள். கையைப் பிடித்துத் துணியை ஏற்றினேன்.

விளார்த் தழும்பு மெல்லிய கயிறு போல எழும்பும். இது அகலமாக, பட்டையாக இருந்தது. இரண்டு ஓரத்திலும் தையல் புள்ளி புள்ளியாகப் பதிந்திருந்தது. தோல் ஷாப்புக் கஞ்சியில் வளர்ந்தவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

“பெல்ட்டா?”

“லீவ் இட், மா.”

வலிக்கிற இடம் வந்தால் என் மகள் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். எனக்கு அங்கே போக வழி தெரியாது. அவள் சின்னவளாக இருந்தது முதல் எங்களுக்குள் அப்படித்தான். சந்தைப் பேச்சு, பள்ளிக்கூடப் பேச்சு, சிநேகிதிகளின் பேச்சு எல்லாம் அந்தப் பக்கம். சோறு, துணி, காய்ச்சல் மட்டும் இந்தப் பக்கம். அன்று சாப்பிட்டுக் கை கழுவின பிறகு, என் பக்கம் திரும்பாமல், தமிழில் சொன்னாள்:

“என்ன அனுப்பிடாதம்மா.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தானியேல் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். கூடவே சபைப் பெரியவரையும் அழைத்து வந்திருந்தார். பெரியவர் வாணியம்பாடிக்காரர், எங்கள் பக்கத்து மனுஷர் என்பதால் நான் அவரிடம் வாய் திறக்கமாட்டேன் என்று தானியேலுக்குத் தெரியும். ஓடைக்கரை நிழலில் பாய் போட்டுத் தேநீர் கொடுத்தேன். பேச்சு வராமலிருக்க, வெட்டிவைத்த வில்லோக் குச்சிகளை மடியில் போட்டுக்கொண்டு, கத்தியால் விரல் நீளத்துக்கு நறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

“எஸ்தரம்மா, பொண்ணுன்னா நாலு நாள் ஆத்தா வூட்ல இருக்கும். அப்பறம் அனுப்பி வைக்கணும். சபையில இன்னா பேசுவாங்க?” என்றார் பெரியவர்.

நான் நறுக்கினேன்.

“ஒரே ஒரு தபாதான் அத்த அடிச்சேன். அதுவும் எதுத்துப் பேசினா,” என்றார் தானியேல்.

“ஒரு தபாவா?” என்றாள் ரூத், கதவடியில் நின்றபடி. “பாக்டரியில பூட்ஸ் எண்ணத் தெரியுது, இது எண்ணத் தெரியலையா?”

“பாத்தீங்களா ஐயா, வாய?”

பெரியவர் எழுந்து ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார். “நீ உன் வூட்டுக்காரருகிட்ட வாங்காததாம்மா? பொறுத்துக்கினு வாழல? இன்னைக்கு இன்னா கொறச்சல்? நெலம் இருக்குது, நெழலு இருக்குது…” என்று சாய்ந்திருந்த மரத்தைத் தட்டிக் காட்டினார்.

தானியேல் எழுந்தார். “கெளம்பு.”

“வரல.”

அவர் கை இடுப்புக்குப் போனது. கொக்கி விடுபடுகிற சத்தம் கேட்டது.

“தம்பி, தம்பி, இங்க வேணாம்,” என்றார் பெரியவர். “வூட்டுக்குப் போயி பாத்துக்க.”

என் கத்தி நின்றது. அப்பா குனிந்துகொண்டது நினைவுக்கு வந்தது. தலை நிமிராமல் தோல் சீவினவர்கள் நினைவுக்கு வந்தார்கள். எல்லாரும் நல்ல மனுஷர்கள்தான்.

பெல்ட் ரூத்தின் கழுத்தில் விழுந்தது. இன்னொரு கையால் அவள் பின்னலைச் சுற்றிப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தார். அவள் மண்ணில் முட்டி தேய இழுபட்டாள். அப்போது ‘ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று நானே தேடினேன். என் கையிலிருந்து வந்திருந்தது. மடியில் கிடந்த நறுக்காத குச்சி. தானியேலின் காதிலிருந்து தாடை வரை ஒரு வெள்ளைக் கோடு எழும்பி, சிவந்து, உடைந்தது.

அவர் பின்னலை விட்டுவிட்டு என்னை அடித்தார். கொக்கி உதட்டில் பட்டுப் பல் ஆடிற்று. நான் அவர் மணிக்கட்டில் அடித்தேன். பெல்ட் எகிறி வாளிக்குள் விழுந்தது. பிறகு அவர் தலையை இரு கையாலும் மூடிக்கொண்டு பின்வாங்கினார், நான் விடவில்லை. கையில், தோளில், திரும்பினபோது முதுகில். எந்த இடத்தில் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. அத்தனை வருஷம் முதுகு வாங்கினதையெல்லாம் இந்தக் கை பக்கத்தில் இருந்து படித்திருக்கிறது.

நன்றாக இருந்தது. அடிக்க அடிக்க நன்றாக இருந்தது. அந்த மேஸ்திரிக்கும் ரூத்தின் அப்பாவுக்கும் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ரூத் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். “போதும்மா,” என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

தானியேல் ஓடைத் தண்ணீரில் முழங்கால் அளவில் நின்றார். பெரியவருக்கு மூச்சு வாங்கியது.

“பொம்பள கை ஓங்கறதா? கர்த்தர் மன்னிக்கமாட்டாரு எஸ்தரம்மா!”

எனக்கு வாய் நிறைய ரத்தம். துப்பிவிட்டுப் பேசினேன். ஒரு சபைப் பெரியவரை நேராகப் பார்த்து நான் பேசியது அதுதான் முதல்.

“ஓங்கக் கூடாதுதான் ஐயா. நீங்க சாஞ்சிக்கினு நிக்கிறீங்களே, அந்த மரம் எப்படி வந்துச்சு தெரியுமா? அது என் வூட்டுக்காரரு என்ன அடிச்ச விளாரு. அதுக்குப் பக்கத்துல நிக்கிறதும் அதான். அதோ, அந்த வளைவு வரைக்கும் நிக்கிறது பூரா அதான். நீங்க சொன்ன நெழலு இதான். ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க. எண்ணி முடிச்சிட்டு, இவள அனுப்பலாமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க.”

பெரியவர் சுட்டது போல மரத்திலிருந்து கையை எடுத்தார். கரையோரம் வளைவு வரைக்கும் பார்த்தார். எண்ணவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். தானியேல் நனைந்த கால்சட்டையோடு, ஒரு கையால் அதை இடுப்பில் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

7

தானியேல் போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டார். கச்சேரிக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. எதால் அடித்தேனோ அதையும் கொண்டுவரச் சொன்னார்கள். ரூத்தும் கூட வந்தாள்.

மேசைக்குப் பின்னால் இப்போது வேறு கான்ஸ்டபிள். மீசை முளைத்தும் முளைக்காத வயசு. துபாஷி மட்டும் அதே ஆள். தலை நரைத்திருந்தது. கான்ஸ்டபிள் குச்சியை வாங்கி வளைத்துப் பார்த்தான். காற்றில் ஒரு வீசு வீசினான். முகத்தில் கட்டுப் போட்டிருந்த தானியேலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான், நான் தானியேலின் தோள் உயரம்கூட இல்லை. சிரித்துவிட்டான்.

அவன் சொன்னதைத் துபாஷி தமிழில் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. முன்பு என்னை ஏறிட்டுப் பார்க்காதவர் இந்தத் தடவை பார்த்தார். என் கிழிந்த காதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“வூட்டுக்குப் போம்மா,” என்றார்.

போனோம். ரூத் என்னோடுதான் இருக்கிறாள். சபையில் எங்கள் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. சந்தையில் மறுபடி அவளே முன்னால் நின்று கூவுகிறாள். நான் பின்னால் நிற்கிறேன். உதட்டுக் காயம் ஆறிவிட்டது. என் கையைத்தான் இன்னும் நம்ப முடியவில்லை. கோழி விரட்டக்கூட இப்போது குச்சி எடுப்பதில்லை.

சாராள், இனி உனக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை கலவரத்தில் வாளியை மறந்துவிட்டோம். மறுநாள் காலை பார்த்தேன். பெல்ட் உள்ளே கிடந்து ஊறியிருந்தது. தண்ணீர் தேயிலைச் சாயம் போல இருந்தது. மோந்து பார்த்தேன். தோல் ஷாப்பு வாசலில் தூக்கோடு நின்ற அதே வாசனை. நீ ரோஜாவுக்கு ஊற்றினது அந்தத் தண்ணீர்தான். அதைச் செடி கொடி இல்லாத பாதையில் கொட்டிவிட்டு, வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, புதுக் குச்சி நறுக்கிப் போட்டேன். சாயங்காலம் தண்ணீர் தெளிவாக இருந்தது.

உனக்குப் பட்டைத் தண்ணீர் என்று எழுதினேன். என் மனதில் அதற்கு அந்தப் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை. விளார்த் தண்ணீர் என்று எழுதினால், விளாரை எதுக்குக்கா ஊறப்போடுற என்று நீ கேட்டிருப்பாய். இப்போது தெருவில் யார் கேட்டாலும் சொல். அதன் பெயர் விளார்த் தண்ணீர்.

ஒடுகத்தூர்ப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி ஆற்றுப்பாலைக் குச்சி கொண்டுவரச் சொல்லாதே. நீயே போ. கத்தியை எடுத்துக்கொண்டு போ. ஓடைக்கரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு நறுக்கிவிடு. ஒன்றைக்கூட முழுசாக வீட்டுக்குள் கொண்டுபோகாதே.